சாவியைத் திருப்பினால் ‘டக்’ மட்டும்

கேள்வி: எங்கள் விடுதியில் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் இயந்திரம், மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் நின்றிருந்தது. இப்போது சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஒரே சத்தம்தான் வருகிறது. புதிய பெட்ரோல் ஊற்றியும் பயனில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், குளச்சல்

பதில்: எஞ்சின் சுழலவே இல்லை என்பதால் பெட்ரோல்மீது பழி போட வேண்டாம். இருக்கையில் ஆள் இல்லாவிட்டாலோ, பிரேக்கை மிதிக்காவிட்டாலோ, பிளேடின் இணைப்பைத் துண்டிக்காவிட்டாலோ பாதுகாப்பு சுவிட்சுகள் இயந்திரத்தைக் கிளம்ப விடாமல் தடுக்கும். ஆனால் அப்போது பெரும்பாலும் சத்தமே வராது. ‘டக்’ என்று கேட்பதால், சொலினாய்டு (எஞ்சினைச் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) வரை மின்சாரம் வருகிறது, ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்ற அது போதவில்லை என்றே கருதுகிறேன்.

கடற்காற்று உலோகத்தை அரிக்கும் உங்கள் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி முனைகளை. வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், கையுறை அணிந்து, நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, சமையல் சோடா கலந்த நீரில் கம்பித்தூரிகையை நனைத்துத் தேய்த்து, நன்கு உலர்த்தி, பாசிட்டிவ் வயரை முதலில் மாட்டி, மேலே கிரீஸ் தடவுங்கள். நல்ல 12 வோல்ட் பேட்டரி, முழு சார்ஜில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும்; 12-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றுங்கள். சட்டகத்தில் எர்த் வயர் முடுக்கிய இடத்தின் துருவையும் சுரண்டிவிடுங்கள். பலரும் இதை மறந்துவிட்டுப் புது பேட்டரி வாங்குகிறார்கள். அதன் பிறகும் ‘டக்’ தொடர்ந்தால், சொலினாய்டையும் ஸ்டார்ட்டரையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.