கேக்கிலும் குழி, மெழுகுவத்தியிலும் குழி

கேள்வி: சேலத்தில் அம்மா வீட்டுக் குக்கரில் அழகாக வரும் கேக், ஏற்காட்டில் பொங்கிப் பொங்கி நடுவில் அமுங்கிவிடுகிறது. மெழுகுவத்தி ஊற்றினால் அதிலும் குழி. எனக்குக் கைராசி இல்லையோ?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லைம்மா. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் பேக்கிங் பவுடர் கிளப்பும் வாயு அதிகமாக விரிந்து, மாவு வேகும் முன்னே பொங்கிவிடுகிறது. அப்புறம் தாங்க முடியாமல் உட்கார்ந்துவிடும். சேலத்தில் ஒரு டீஸ்பூன் போட்டால் இங்கே முக்கால் போதும். சர்க்கரையில் ஒரு ஸ்பூன் குறைத்து, பாலை இரண்டு ஸ்பூன் கூட்டுங்கள். குக்கரில் கேஸ்கெட், வெயிட் இரண்டையும் கழற்ற மறக்காதீர்கள். ஒண்டிக்கடை பக்கம் என் வீட்டில் இந்த அளவில்தான் ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போட்டுச் செய்கிறேன். வேகும்போதே வீடு முழுக்க மணக்கும்.

மெழுகு விஷயம் வேறு. பாரஃபின் மெழுகு ஆறும்போது சுருங்கும். ஓரம் முதலில் இறுகி, திரியைச் சுற்றிக் குழி விழும். ஊற்றும்போதே கொஞ்சம் மெழுகை எடுத்து வையுங்கள். மேலே ஏடு கட்டியதும் ஊசியால் திரியோரம் நாலைந்து துளை போட்டு, எடுத்து வைத்ததை உருக்கி ஊற்றினால் சரியாகிவிடும். உருக்கும்போது நேரடித் தீ வேண்டவே வேண்டாம். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துத்தான் உருக்க வேண்டும். தப்பித்தவறிப் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தீ சீறிக் கிளம்பும். அடுப்பை அணைத்து, தட்டால் மூடிவிடுங்கள்.