இப்படிக்கு, நிர்வாகம்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் 18 ஆண்டுகளாக இருக்கிறேன். டெய்லருக்கு உதவும் கைமடியாகச் சேர்ந்து, டெய்லராகி, சூப்பர்வைசராகி, இப்போது புரொடக்‌ஷன் மேனேஜர். என் பொறுப்பில் ஒரு ஷிப்மெண்ட்கூடத் தாமதமானதில்லை. பொது மேலாளர் பதவி காலியானபோது முதலாளியின் மகன், “அக்கா, நீங்கள் நல்ல மேனேஜர், ஆனால் லீடர் இல்லை” என்று சொல்லிவிட்டு, என்னைவிட 10 வயது இளையவரை வெளியிலிருந்து கொண்டுவந்துவிட்டார். எனக்கு ஓட்டலில் இரண்டு நாள் தலைமைப் பயிற்சி மட்டும் கிடைத்தது. வண்டியில் உட்கார்ந்து அதட்டுபவர் மேனேஜர், முன்னால் நின்று கயிறு இழுப்பவர் லீடர் என்று படம் காட்டினார்கள். சென்ற மாதம் இரண்டு தையல் லைன்களைக் காட்டன் டி-ஷர்ட்டிலிருந்து பாலியஸ்டர் விளையாட்டு உடைக்கு மாற்றினோம். தேதி, மெஷின், ஆள் எல்லாவற்றையும் தெளிவாக அட்டவணை போட்டு போர்டில் ஒட்டினேன். திங்கட்கிழமை, பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி வாங்கும் டெய்லர்கள் 11 பேர் வரவில்லை. என்னிடம் என்ன குறை? வேலையை விட்டுவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: அந்த வண்டிப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். வரைந்தவர் வாழ்நாளில் வண்டி ஓட்டியிருக்க மாட்டார். அச்சுக்கு மை போட்டது யார், கடையாணியைச் சரிபார்த்தது யார், பாரம் ஒரு பக்கம் சாயாமல் ஏற்றியது யார்? அந்த ஆள் படத்திலேயே இல்லை. நீங்கள் 18 ஆண்டுகளாகச் செய்தது அந்த ஆளின் வேலையைத்தான். அதை மட்டமாகப் பேசும் பயிற்சியாளருக்கு உங்கள் நிறுவனம் பணம் வேறு கொடுத்திருக்கிறது.

மேனேஜர் வேறு, லீடர் வேறு என்ற பேச்சு சூடு பிடித்ததற்கு ஒரு பெரிய காரணம், ஹார்வர்டு பேராசிரியர் ஆபிரகாம் சலேஸ்னிக் 1977இல் எழுதிய கட்டுரை. இருவரும் மன அமைப்பிலேயே வேறுபட்டவர்கள் என்றார் அவர். உங்கள் சின்ன முதலாளி, தெரிந்தோ தெரியாமலோ, இந்தக் கட்சி. 1990இல் அதே ஹார்வர்டைச் சேர்ந்த ஜான் கோட்டர் வேறு கோடு கிழித்தார். சிக்கலைச் சமாளிப்பது நிர்வாகம், மாற்றத்தைச் சமாளிப்பது தலைமை. அதாவது இரண்டும் இரண்டு வேலைகள், ஒரு நிறுவனத்துக்கு இரண்டும் வேண்டும். நான் கோட்டர் பக்கம்.

குஜராத்தின் ஆனந்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1946இல் கேடா மாவட்ட விவசாயிகள், அடிமாட்டு விலை கொடுத்த வியாபாரிகளுக்குப் பால் ஊற்ற மாட்டோம் என்று 15 நாள் உறுதியாக நின்றார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் இன்று அமுல் என்று நாம் அறியும் கூட்டுறவு ஒன்றியம். அதன் தலைவர் திரிபுவன்தாஸ் படேல். ஊர் ஊராகப் போய், திண்ணை திண்ணையாக உட்கார்ந்து ஆட்களைச் சேர்த்தவர். 1949இல் அந்த ஊரிலிருந்த அரசுப் பால் பண்ணைக்கு வேண்டாவெறுப்பாக வந்து சேர்ந்தார் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். அரசு உதவித்தொகையில் அமெரிக்கா போய் வந்ததற்கான ஒப்பந்தக் காலத்தை எப்போது முடிப்போம், எப்போது கிளம்புவோம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்து நிறுத்தியவர் படேல். ஒன்றியத்தில் குரியன் வகித்த பதவி என்ன தெரியுமா? பொது மேலாளர். உங்களுக்குக் கிடைக்காமல் போன அதே நாற்காலி!

எருமைப் பாலில் பால் பவுடர் செய்ய முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் கைவிரித்தபோது செய்து காட்டிய எச்.எம். தலாயா மூன்றாமவர். 1955இல் அதற்கான ஆலை வந்தது. இந்த மூவரில் யார் லீடர் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. 1963இல் சமூகத் தலைமைக்கான மகசேசே விருதைப் படேலுக்குக் கொடுத்தவர்கள், பொது மேலாளர் குரியனுக்கும் சேர்த்தே கொடுத்தார்கள்.

எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் விருது அல்ல, பால் ஊற்றும் வரிசை. காலையில் ஊற்றிய பாலுக்கு மாலையில் காசு. கொழுப்பை அளந்து, அதற்கேற்ற விலை. படேலின் சொல்லை நம்பி வந்த பெண், கையில் விழுந்த காசைப் பார்த்துத்தான் மறுநாளும் செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு வாரம் அந்தக் காசு தவறியிருந்தால், படேல் எந்தத் திண்ணையிலும் உட்கார்ந்திருக்க முடியாது. ஆகவே, கணக்குத் தவறாத உங்கள் 18 ஆண்டுகளைக் குறையாக நினைக்காதீர்கள்.

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. சின்ன முதலாளி தவறான சொற்களில் பாதி உண்மையைச் சொல்லிவிட்டார். அது உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளிலேயே இருக்கிறது.

காட்டன், அந்த டெய்லர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தைக்கும் துணி. பாலியஸ்டர் வழுக்கும், தையல் சுருங்கும், ஊசி சூடேறினால் துணியில் ஓட்டை விழும். கை பழகும்வரை எண்ணிக்கை குறையும். பீஸ் ரேட்டில் எண்ணிக்கை குறைந்தால் சனிக்கிழமை கூலிக் கவர் மெலியும். உங்கள் அட்டவணையில் தேதி இருந்தது, மெஷின் எண் இருந்தது. சனிக்கிழமை கவரில் எவ்வளவு குறையும், அதை யார் ஈடுகட்டுவார்கள் என்பது இருந்ததா? நீங்களே டெய்லராக இருந்தவர். தாளை ஒட்டிய அன்றிரவே ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள் என்பது, அந்த நிறுவனத்தில் வேறு யாரைவிடவும் உங்களுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். தாளின் அடியில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. பந்தயம் கட்டுகிறேன்: ‘இப்படிக்கு, நிர்வாகம்.’

வராமல்போன 11 பேரில் இரண்டு மூன்று பேரின் வீட்டுக்குப் போய் வாருங்கள். திரும்பி வாருங்கள் என்று கெஞ்ச வேண்டாம். ஏன் போனீர்கள் என்று மட்டும் கேளுங்கள், குறுக்கே பேசாமல் கேளுங்கள். என் ஊகம் தவறாக இருந்தால் அங்கே தெரிந்துவிடும். சரியாக இருந்தால், அடுத்து சின்ன முதலாளியின் அறை. துணி மாறும் லைனில் முதல் மூன்று வாரத்துக்கு, பழைய சராசரி வருமானம் குறையாமல் தர வேண்டும் என்று கேளுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு பக்கம். ஆள் இல்லாமல் ஷிப்மெண்ட் தவறி, சரக்கை நிறுவனச் செலவில் விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் ஆகும் செலவு மறுபக்கம். இரண்டையும் ஒரே தாளில் எழுதி மேசையில் வையுங்கள். அந்தத் தாளை உங்களைப்போல எழுத அந்தப் பயிற்சியாளரால் முடியாது.

அனுமதி கிடைத்ததும் போர்டுப் பக்கம் போகாதீர்கள். டீ நேரத்தில் லைனுக்கு நடுவே நின்று நீங்களே சொல்லுங்கள். எந்தத் துணி, ஏன் மாறுகிறோம், கவருக்கு என்ன பொறுப்பு. பீகார், ஒடிசா பிள்ளைகள் இருந்தால், அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். கையை வீசிப் பேச வேண்டியதில்லை. பிறகு எழுத்திலும் கொடுக்க வேண்டியிருந்தால், அடியில் உங்கள் பெயரைப் போடுங்கள்.

புதிய பொது மேலாளரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பேசத் தெரிந்தவர் என்றால், வாங்குபவரிடமும் முதலாளியிடமும் உங்கள் கணக்கை எடுத்துச் சொல்ல அவரைப் பயன்படுத்திப் பாருங்கள். வேலையை விடுவதை மட்டும் இப்போது முடிவு செய்யாதீர்கள். அந்த மூன்று வாரப் பணத்துக்குச் சின்ன முதலாளி என்ன பதில் சொல்கிறார் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். முடியாது என்று சொன்னால், ஷிப்மெண்ட் தவறவிடாத மேனேஜருக்கு உங்கள் ஊரில் கதவு திறக்க இன்னும் பல கம்பெனிகள் இருக்கின்றன.