பரிசோதனையில் ‘விந்தணு இல்லை’ என்று வந்தால் அடுத்து என்ன செய்வது?

கேள்வி: திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. என் கணவரின் விந்துப் பரிசோதனையில் அணுக்களே இல்லை என்று வந்திருக்கிறது. எங்களுக்கென்று ஒரு குழந்தை பிறக்க வாய்ப்பு உண்டா? புகுந்த வீட்டில் இதை எப்படிச் சொல்வது?

சகோதரி, அந்த ஒரு தாளை மட்டும் வைத்து வாய்ப்பு உண்டு என்றோ இல்லை என்றோ யாராலும் சொல்ல முடியாது. விந்தில் அணு இல்லாமல் போவதற்கு இரண்டு வெவ்வேறு நிலைகள் காரணமாக இருக்கலாம். விரைகளில் அணுக்கள் வழக்கம்போல் உற்பத்தியாகியும் வெளியே வரும் வழி அடைபட்டிருப்பது ஒன்று. உற்பத்தியே குறைந்தோ நின்றோ போயிருப்பது மற்றொன்று. முதல் நிலையில் ஊசி மூலம் அணுவை எடுத்துவிடுவது பெரும்பாலும் எளிது. உங்கள் கணவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று தெரியும்வரை மாத்திரைக்கும் லேகியத்துக்கும் பணத்தைச் செலவழிக்காதீர்கள். நான் குடியாத்தத்தில் ஆசிரியராக இருப்பவன், மருத்துவன் அல்லன். ஆனால் உங்கள் கணவர் கையில் இருப்பது போன்ற ஒரு தாள் என் கையிலும் இருந்தது.

பரிசோதனையை இன்னொரு முறை, நல்ல ஆய்வகத்தில் செய்துகொள்ளுங்கள். இரண்டு முதல் ஏழு நாட்கள் வரை விந்து வெளியேறாமல் இருந்து, அதன்பின் மாதிரி தர வேண்டும். அதில் ஒரு பகுதி சிந்திவிட்டால்கூட மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அணு தென்படாதபோது மாதிரியை இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி, அடியில் படிவதை மறுபடியும் பார்த்த பிறகே இல்லை என்று எழுத வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லை என்பது மொத்த அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், அவற்றில் நூற்றுக்கு 42 அசைபவை. எண்ணிக்கை இதற்குக் கீழே இருப்பவர்களுக்கும் இயல்பாகக் குழந்தை பிறந்திருக்கிறது. எனவே குறைவாக இருப்பதையும் அறவே இல்லாததையும் ஒன்றாக எண்ணிக் கலங்க வேண்டியதில்லை.

அடுத்துச் செய்ய வேண்டியது, பலரும் தாண்டிச் சென்றுவிடும் உடல் பரிசோதனை. முதலில் நாங்கள் போன ஒரு தனியார் மருத்துவமனையில் என்னைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், மாதக்கணக்கில் சத்து மாத்திரை எழுதித் தந்தார்கள். பிறகு வேலூரில் பார்த்த ஆண்மை நல மருத்துவர் தாளைப் படித்ததுமே, விந்தின் அளவு குறைவாகவும் அமிலத்தன்மையுடனும் இருப்பதையும், அதில் ஃபிரக்டோஸ் என்னும் சர்க்கரை இல்லாததையும் சுட்டிக்காட்டினார். பின்னர் விரல்களால் தடவிப் பார்த்து, அணுவைக் கொண்டுசெல்லும் விந்து நாளம் எனக்கு இரு பக்கமும் பிறவியிலேயே உருவாகவில்லை என்று சில நிமிடங்களில் சொல்லிவிட்டார். விரைகளின் அளவும், அணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோனும் சரியாக இருந்ததால் உற்பத்தியில் குறை இருக்க வாய்ப்பில்லை என்பது தெளிந்தது. இப்படிப் பிறந்த சிலருக்கு ஒரு சிறுநீரகம் இல்லாமல் இருப்பதுண்டு என்பதால் ஸ்கேன் எடுத்தார்கள். இந்தக் குறைபாடு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நுரையீரல் நோயோடு தொடர்புள்ள மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால் வரக்கூடியது. அதே மரபணுவில் தாய்க்கும் மாற்றம் இருந்தால் பிறக்கும் குழந்தைக்கு அந்த நோய் வர இடமுண்டு என்பதால், சிகிச்சையைத் தொடங்குமுன் என்னோடு என் மனைவிக்கும் இரத்தப் பரிசோதனை செய்தார்கள்.

உற்பத்தியே நின்றுபோன நிலைக்குக் காரணங்கள் பல. எக்ஸ் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை, ஒய் குரோமோசோமில் சிறு பகுதிகள் விடுபட்டிருப்பது, பருவ வயதுக்குப் பிறகு வந்த பொன்னுக்கு வீங்கி விரையையும் தாக்கியது, சிறு வயதில் விரை கீழிறங்காமல் இருந்தது, புற்றுநோய்க்கு எடுத்த மருந்துகள் ஆகியவை அவற்றில் சில. மூளையிலிருந்து வர வேண்டிய ஹார்மோன் வராததால் உற்பத்தி நடக்காத ஒரு நிலையும் உண்டு. ஆணின் குறைகளில் மருந்தாலேயே உண்மையில் சரியாகும் சிலவற்றுள் அதுவும் ஒன்று என்பதால், ஹார்மோன் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. இதற்கு நேர்மாறானது டெஸ்டோஸ்டிரோன் ஊசி. ஆண்மை கூடும் என்று நம்பி ஜிம்மில் அதைப் போட்டுக்கொள்ளும் இளைஞர்களை நம் ஊர்களிலும் பார்க்கிறேன். அணு உற்பத்தியை அடியோடு நிறுத்தக்கூடியது அந்த ஊசிதான் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. நிறுத்திய பிறகு பெரும்பாலோருக்கு உற்பத்தி திரும்பும், ஆனால் பல மாதங்கள் பிடிக்கும். ஓர் அணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதங்கள் ஆவதால், எந்த மாற்றத்தின் பலனையும் அடுத்த வாரமே எதிர்பார்க்கக் கூடாது. புகையிலை, மது, கடும் வெப்பத்தில் நாள் முழுவதும் வேலை, ஈயம் போன்ற உலோகங்கள் எல்லாம் எண்ணிக்கையைக் குறைக்கக்கூடியவை. உங்கள் கணவர் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளிலோ கொதிகலன் அருகிலோ வேலை செய்பவரானால், மருத்துவர் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லிவிடுங்கள். விரைநரம்புச் சுருட்டல், அதாவது விரையின் இரத்த நாளங்கள் புடைத்துச் சுருண்டிருக்கும் வேரிகோசீல், எண்ணிக்கை குறைந்தவர்களிடம் அடிக்கடி காணப்படுவது. கையில் தட்டுப்படும் அளவுக்கு இருந்தால் அறுவைச் சிகிச்சை உதவலாம்.

உற்பத்திக் குறைவு உள்ளவர்களுக்கு விரையைத் திறந்து நுண்ணோக்கியின் கீழ் அணுவைத் தேடும் அறுவை முறையில், காரணத்தைப் பொறுத்து, ஏறத்தாழப் பாதிப் பேரிடம் அணு கிடைக்கிறது. எனக்கு அது தேவைப்படவில்லை. விரையை ஒட்டி, அணுக்கள் முதிர்ந்து தேங்கும் விரைமேல் நாளத்திலிருந்து ஊசியால் எடுத்தார்கள், மிஞ்சியதை உறையவைத்தார்கள். இப்படிக் கிடைக்கும் அணுக்கள் தாமாக முட்டையைச் சேராது என்பதால் இக்சி முறைதான் வழி: ஒரே ஓர் அணுவை நுண்ணிய கண்ணாடி ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது. 1992இல் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் இதில் குழந்தைகள் பிறந்ததை அறிவிக்கும்வரை, என்னைப் போன்றவர்களுக்குத் தானமும் தத்தும் அன்றி வேறு வழி அநேகமாக இல்லை.

இதில் எனக்கு இன்றும் மனம் ஒப்பாத ஒன்று உண்டு. குறை என்னுடையது, ஊசிகளோ என் மனைவிக்கு. எனக்கு ஒரு காலைப் பொழுதோடு முடிந்தது. அவருக்கோ, முட்டைகள் பல ஒன்றாக வளர நாள்தோறும் வயிற்றில் ஹார்மோன் ஊசி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன், மயக்கத்தில் முட்டை எடுப்பு, அதன்பின் வயிறு உப்பி மூச்சு வாங்கும் அபாயம், கரு வைத்த பிறகு இரத்தப் பரிசோதனை வரை ஏறக்குறைய இரண்டு வாரக் காத்திருப்பு. முதலில் வைத்த கரு தங்கவில்லை. உறையவைத்திருந்த கருவில் பின்னர் மகள் பிறந்தாள். ஆகவே செலவுக் கணக்கைப் போடும்போது, மனைவி வேலைக்கு எடுக்கும் விடுப்பையும் வீட்டு வேலையிலிருந்து அவருக்குத் தர வேண்டிய ஓய்வையும் சேர்த்தே போடுங்கள். வெற்றி வாய்ப்பு பெரிதும் பெண்ணின் வயதைப் பொறுத்தது. விகிதத்தைச் சொல்லும் மருத்துவமனையிடம், அது கரு தங்கியதன் கணக்கா, குழந்தை கைக்கு வந்ததன் கணக்கா, எந்த வயதினருடையது என்று கேளுங்கள்.

2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டத்தின்படி பதிவு பெற்ற மையத்தில் மட்டுமே இச்சிகிச்சையைச் செய்யலாம். பெண் 50, ஆண் 55 வயதைக் கடந்திருக்கக் கூடாது. தான அணு தேவைப்பட்டால் பதிவு பெற்ற வங்கியின் வழியாக, இருவரின் எழுத்து மூலமான ஒப்புதலோடு மட்டுமே பெறலாம். கணவருக்குத் தெரியாமல் வேறொருவர் அணுவைக் ‘கலந்து’ வைத்துவிடலாம் என்று யாராவது காதோடு சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இனி வீட்டுப் பேச்சு. கார்த்திகைக் கடை ஞாயிறன்று விரிஞ்சிபுரம் கோயில் குளத்தில் நள்ளிரவில் மூழ்கி, ஈரப் புடவையோடு படுத்து வேண்டிக்கொள்ளும் பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். என் மனைவியும் போனார், அந்த வேண்டுதலை நான் குறைவாகப் பேசமாட்டேன். ஆனால் அவரை அங்கே அனுப்பிவைத்த உறவினர் ஒருவர்கூட என்னைப் பரிசோதனைக்குப் போகச் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றால், விஷயத்தை நீங்கள் சொல்ல வேண்டாம். உங்கள் கணவர்தான் தன் தாயிடம் சொல்ல வேண்டும். மருமகள் வாயிலிருந்து வந்தால் அது குற்றச்சாட்டாகக் கேட்கும். நான் சொன்னபோது என் அம்மா முதலில் நம்பவில்லை. வேறு மருத்துவரைப் பார் என்றார். பிறகு என் பிறவிக் குறைக்குத் தாமே காரணம் என்று அழத் தொடங்கிவிட்டார். அப்படி எதுவும் இல்லை என்று நான் சொன்னதைவிட, அடுத்த முறை அவரையும் உடன் அழைத்துச் சென்று மருத்துவரையே படம் வரைந்து விளக்கச் சொன்னதுதான் பலித்தது. உங்கள் மாமியார் வர இசைந்தால் அதையே செய்யுங்கள். இசையாவிட்டால், முடிவான அறிக்கை வரும்வரை உறவினர் எவருக்கும் இதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.