கேள்வி-பதில்: நாயின் உடலில் கட்டி, கத்திக்கு முன் ஊசி

கேள்வி: எங்கள் வீட்டு லேப்ரடார் பெண் நாய்க்கு ஒன்பது வயது. குளிப்பாட்டும்போது விலாவில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. மெத்தென்றிருக்கிறது, தொட்டால் வலி காட்டவில்லை. அருகிலுள்ள தனியார் மருத்துவமனையில் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த வாரமே அறுவை செய்துவிடலாம் என்று 18,000 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். இன்னொரு மருத்துவர், அவரும் தடவிப் பார்த்துவிட்டு, கொழுப்புதான், விட்டுவிடுங்கள் என்கிறார். கட்டியைக் கரைக்கும் என்று இணையத்தில் ஒரு சொட்டு மருந்தும் விற்கிறார்கள். எதற்குச் செலவு செய்வது?
வாசகி, திருச்சி

பதில்: இரண்டு மருத்துவர்களும் எதிரெதிராகச் சொன்னாலும், கட்டிக்குள் இருப்பது என்ன என்று பார்க்காமலேயே முடிவு சொன்னதில் இருவரும் ஒன்றுதான். ஆகவே அறுவைக்கும் வேண்டாம், சொட்டு மருந்துக்கும் வேண்டாம். உங்கள் முதல் செலவு எஃப்.என்.ஏ.சி. எனப்படும் ஊசிப் பரிசோதனைக்காக இருக்கட்டும். அறுவைக்குக் கேட்கும் தொகையில் இது ஒரு சிறு பங்குதான்.

வயதான, உடல் பெருத்த லேப்ரடார்களுக்குத் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி வருவது மிகச் சாதாரணம். இரண்டாம் மருத்துவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் நாய்களுக்கு அடிக்கடி வரும் தோல் புற்றுநோய்களில் ஒன்றான மாஸ்ட் செல் கட்டியும் இதே மென்மையோடு, இதே இடத்தில், வலியில்லாமல் உட்கார்ந்திருக்கும். எத்தனை ஆண்டு அனுபவம் உள்ள கையானாலும் இரண்டையும் தடவிப் பிரித்தறிய முடியாது. மாஸ்ட் செல் கட்டி ஒரு நாள் வீங்கி மறுநாள் வற்றுவதும் உண்டு. வற்றியதைக் கண்டு வீட்டார் நிம்மதி அடைந்து, மாதங்களை வீணாக்கிவிடுகிறார்கள். அதை அழுத்திப் பிசைந்தால் உள்ளிருக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் வெளிப்பட்டுச் சுற்றிலும் சிவந்து தடிக்கும் என்பதால், வீட்டில் யாரும் அதை நசுக்கிப் பார்க்க வேண்டாம்.

ஊசிப் பரிசோதனைக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து தேவையில்லை. தடுப்பூசி போடும் ஊசியைப் போன்ற மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் இரண்டு மூன்று திசைகளில் செலுத்தி, அதில் ஏறிய துளியைக் கண்ணாடி ஸ்லைடில் தெளித்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். எங்கள் வீட்டு நாய்க்கு இதைச் செய்தபோது நான் பக்கத்தில் நின்றேன். ஸ்லைடில் விழுந்தது தோசைக்கல்லில் தெளித்த எண்ணெய் போல மினுமினுத்தது. மருத்துவர் விசிறிப் பார்த்தும் அது காயவில்லை. கொழுப்புக் கட்டியின் ஸ்லைடு அப்படித்தான் இருக்கும் என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு, அதோடு நிறுத்தாமல் ஆய்வகத்திற்கும் அனுப்பினார். அந்த இரண்டாவது செயலுக்காகத்தான் இன்றும் அவரிடம் போகிறேன். சில கட்டிகளிலிருந்து ஊசியில் போதிய செல்கள் வராது. அப்போது சிறு துண்டு எடுத்துச் செய்யும் பயாப்சி தேவைப்படும்.

ஒரு சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு சுண்டைக்காய் அளவை எட்டிய கட்டி, அல்லது ஒரு மாதமாகியும் மறையாத கட்டி எதுவாயினும் ஊசி போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பது கால்நடை மருத்துவர்கள் பலர் கையாளும் விதி. உங்கள் நாயின் கட்டி அந்த அளவை ஏற்கெனவே தாண்டிவிட்டது. மேலும் அது பெண் நாய் என்பதால், கருத்தடை செய்யாததாக இருந்தால், இன்றே மல்லாக்கப் படுக்க வைத்து முலைக்காம்புகளின் வரிசை நெடுகிலும் விரல்களால் மெல்லத் தடவிப் பாருங்கள். நாய்களுக்கு மடியில் வரும் கட்டிகளில் ஏறத்தாழப் பாதி புற்றுநோயாக இருப்பதால், அங்கே மணியளவு தட்டுப்பட்டாலும் காத்திருக்க வேண்டாம். தாடைக்குக் கீழே இரு பக்கமும் நெறிகட்டியிருந்தாலும் அப்படியே; அதற்கு உண்ணிக் காய்ச்சலும் காரணமாகலாம், நிணநீர்ப் புற்றுநோயும் காரணமாகலாம்.

பரிசோதனையில் கொழுப்புக் கட்டி என்று தெரிந்தால், அக்குள் போன்ற இடத்தில் நடையைத் தடுக்காத வரை அறுவை வேண்டியதில்லை. மாதம் ஒரு முறை அளவுகோலை வைத்துப் படமெடுத்து, தேதியோடு குறித்து வைத்தால் போதும். அறுவைதான் என்று ஆகிவிட்டால், அந்த மதிப்பீட்டுத் தாளை மீண்டும் எடுத்து வரிவரியாகக் கேளுங்கள்: இரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து, தையல் பிரிப்பு, கழுத்துக் கூம்பு, மறு வருகை, எல்லாவற்றுக்கும் மேலாக வெட்டியெடுத்த கட்டியைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பும் கட்டணம் அதில் அடங்குமா? செலவு கனக்கிறதென்றால், ஒரத்தநாட்டிலும் நாமக்கல்லிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் உங்கள் ஊரிலிருந்து ஒரே நாளில் போய்வரும் தூரத்தில்தான் இருக்கின்றன.

சொட்டு மருந்தை வாங்க வேண்டாம். கொழுப்புக் கட்டியையோ புற்றுக்கட்டியையோ கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் கிடையாது. அதற்குக் கொடுக்கும் விலையைவிட, அதை நம்பிக் கழியும் வாரங்கள்தான் பெரிய இழப்பு. சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசினால் தோல் வெந்து போகும், நாய் அதை நக்கியும் விடும். வீட்டிலிருக்கும் வலி மாத்திரைகளையும் கொடுக்காதீர்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இந்தக் கட்டிக்காக இப்போது காப்பீடு எடுப்பதும் பயன் தராது, ஏற்கெனவே இருக்கும் நோயைப் பொதுவாகக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்பதில்லை.

கேள்வி: ஒன்றரை ஆண்டுக்கு முன் எங்கள் பக் இன நாயின் தொடையில் இருந்த கட்டியை ஒரு மருத்துவமனையில் அகற்றினார்கள். ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை. இப்போது அதே இடத்தில் பெரிதாக வந்திருக்கிறது. புகார் செய்யலாமா?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: புகாருக்கு முன் நாயைப் பாருங்கள். மாஸ்ட் செல் கட்டி அதிகம் வரும் இனங்களில் பக் ஒன்று. ஊசிப் பரிசோதனையை இந்த வாரமே செய்து, இம்முறை அறுவை நடந்தால் எடுத்த கட்டி முழுவதையும் திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் இட்டு அனுப்பச் சொல்லுங்கள். கட்டியின் வகை, அதன் தீவிரத்தைக் காட்டும் தரம், வெட்டிய விளிம்புகளில் நோய் மிஞ்சியிருக்கிறதா என்ற மூன்றையும் அந்த அறிக்கை சொல்ல வேண்டும்.

கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் கால்நடை மருத்துவமும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைதான். குறை நேர்ந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்க வேண்டும் என்பதால் உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டது என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் முதற்கட்ட வழிகாட்டுதல் கிடைக்கும். ஆனால் கட்டி திரும்ப வந்தது என்பது மட்டுமே கவனக்குறைவுக்குச் சான்றாகாது. நன்றாகச் செய்த அறுவைக்குப் பிறகும் சில கட்டிகள் திரும்பும். உங்களிடம் பரிசோதனை பற்றிச் சொன்னார்களா, செலவை நினைத்து நீங்களே வேண்டாம் என்றீர்களா என்பதில்தான் வழக்கு நிற்கும். ஆகவே அன்றைய சிகிச்சைக் குறிப்பு, மயக்க மருந்துக்கான ஒப்புதல் படிவம், ரசீது மூன்றின் நகல்களையும் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். இன்னொரு மருத்துவரின் எழுத்துபூர்வமான கருத்தும் தேவைப்படும். தொழில் நெறி மீறல் என்று கருதினால், மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்திடம் தனியே முறையிடலாம்.

கேள்வி: நாங்கள் சோறு போடும் தெருநாயின் பிறப்புறுப்பில் பூக்கோசு போன்ற கட்டி, இரத்தம் வடிகிறது. பிழைக்குமா?
வாசகி, மதுரை

பதில்: பெரும்பாலும் பிழைக்கும். நீங்கள் சொல்லும் தோற்றம், இனச்சேர்க்கையின்போது ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குப் புற்றுச் செல்களே ஒட்டிக்கொண்டு வளரும் டி.வி.டி. என்ற கட்டியுடையது, மனிதர்களுக்கு அது பரவாது. ஸ்லைடில் உறுதி செய்த பின், வாரம் ஒரு முறை வின்கிரிஸ்டின் ஊசி போடுவார்கள். பெரும்பாலான நாய்களுக்கு நான்கு முதல் ஆறு வாரங்களில் கட்டி மறைந்துவிடும். அந்த மருந்து இரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதை அழுகும் என்பதால், மருத்துவர் கையால் மட்டுமே போட வேண்டும். இடையில் இரண்டு ஊசிகளோடு நின்றுவிட்டால் கட்டி மீண்டும் தலைதூக்கக்கூடும். ஆகவே முழுச் சிகிச்சைக்கான செலவை முன்பே விசாரித்து, தெருவாரோடு பகிர்ந்துகொண்டு தொடங்குங்கள். ஊசி போட்ட சில நாள்களுக்கு அதன் சிறுநீரைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.