லைப்ரரி இருக்கிறது, ஆனால் 'இல்லை' என்கிறது

கேள்வி: சேலத்தில் ஆத்தூர் ரோட்டில் எங்கள் ஜவ்வரிசி ஆலை. டிரையரின் சூட்டைப் பதிவு செய்ய, உபுண்டு கம்ப்யூட்டரில் லிப்மாட்பஸ்ஸை (மாட்பஸ் முறையில் கருவிகளோடு பேச உதவும் லைப்ரரி) சோர்ஸிலிருந்து பில்ட் செய்தேன். மேக் இன்ஸ்டால் வரை பிழையே இல்லை, என் புரோகிராமும் கம்பைல் ஆனது. ஓட்டினால் மட்டும் 'லிப்மாட்பஸ்.எஸ்ஓ.5 ஃபைலைத் திறக்க முடியவில்லை' என்று நின்றுவிடுகிறது. யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்பில் ஃபைல் கண்ணெதிரே இருக்கிறதே?

பதில்: இருக்கிறது, புரோகிராமை ஓட்டும்போது லைப்ரரிகளை ஏற்றும் லோடருக்குத்தான் தெரியவில்லை. கம்பைல் செய்யும்போது, புரோகிராமோடு லைப்ரரியை இணைக்கும் லிங்கர் அந்த ஃபோல்டருக்குள்ளேயே போய்ப் பார்த்துக்கொள்ளும். ஓட்டும்போது தேடுகிற லோடரோ, ஈடிசியில் உள்ள எல்டி.எஸ்ஓ.கேஷ் பட்டியலைத்தான் புரட்டும். புதிதாகப் போட்ட லைப்ரரி அதில் இன்னும் ஏறவில்லை. மேக் இன்ஸ்டாலின்போது அந்தப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் கட்டளையின் பெயர் திரையில் ஓடியிருக்கலாம். ஏமாற வேண்டாம், அங்கே அது 'மைனஸ் என்' சேர்த்து ஓடுகிறது. சிம்லிங்க் (வேறொரு ஃபைலைச் சுட்டும் பெயர்) போடும், கேஷைத் தொடாது.

முதலில் எல்டிடி கட்டளைக்கு உங்கள் புரோகிராமின் பெயரைக் கொடுங்கள். 'நாட் ஃபவுண்ட்' என்ற வரி எந்த லைப்ரரிக்கு எதிரே இருக்கிறது என்று பாருங்கள். பிறகு சுடோ (நிர்வாகி உரிமை) போட்டு, வேறெதுவும் சேர்க்காமல் எல்டிகான்ஃபிக் ஓட்டுங்கள். உபுண்டுவில் யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் ஏற்கெனவே தேடும் இடங்களில் ஒன்று என்பதால் இவ்வளவே போதும். ஃபெடோராவில் அப்படி இல்லை. அங்கும், பிரிஃபிக்ஸை (இன்ஸ்டால் ஆகும் இடத்தை) மாற்றி ஓப்ட் ஃபோல்டருக்குள் போட்டிருந்தாலும், ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி உள்ளே .கான்ஃப் என்று முடியும் ஒரு ஃபைல் உருவாக்கி, லைப்ரரி இருக்கும் ஃபோல்டரின் முழுப் பாதையை ஒரே வரியில் எழுதிவிட்டு எல்டிகான்ஃபிக் ஓட்ட வேண்டும். கட்டளைகள் எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில்.

லைப்ரரி தேடும் இடத்தைச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் என்ற மாறியை, டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சி ஃபைலில் எழுதி வைக்கச் சொல்பவர்கள் உண்டு. சோதித்துப் பார்க்க நல்லது, ஆலைக்கு ஆகாது. டெர்மினலில் ஓடும்; சுடோ போட்டதும் அந்த மதிப்பு கழன்றுவிடும். மெஷின் எழும்போது புரோகிராமைத் தானாக ஓட்டும் சிஸ்டம்டி சர்வீஸ் பாஷ்ஆர்சியைப் படிப்பதே இல்லை. கரண்ட் போய் வந்து மெஷின் தானாக எழும்பும்போது புரோகிராம் எழும்பாது.

இன்னொரு குறுக்கு வழி, கேட்கிற எண்ணில் நாமே சிம்லிங்க் போடுவது. 5 என்ற பெயர் 5.1.0 ஃபைலைக் காட்டுவது முறைதான், அதை எல்டிகான்ஃபிக்கே செய்துவிடும். ஆனால் வேறு முதல் எண் கொண்ட லைப்ரரியை 5 என்று பெயர் சூட்டி உட்கார வைக்காதீர்கள். முதல் எண் மாறினால் உள்ளே ஃபங்ஷன்களும் ஸ்ட்ரக்சர்களும் மாறியிருக்கலாம். புரோகிராம் ஓடத் தொடங்கும். பிறகு எப்போதாவது தப்பான சூட்டைக் காட்டும், அல்லது நடுவில் விழும். அதைக் கண்டுபிடிப்பது இப்போதைய பிழையைவிடப் பத்து மடங்கு தொல்லை.

கம்பைலின்போதே 'மைனஸ் எல்மாட்பஸ் கிடைக்கவில்லை' என்று வந்தால் அது லிங்கரின் புகார், எல்டிகான்ஃபிக் உதவாது. ஆப்ட் கட்டளையில் லிப்மாட்பஸ்-டெவ் போடுங்கள், அல்லது பெரிய எல் கொடியில் ஃபோல்டரைக் காட்டுங்கள். 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்றால் பெரும்பாலும் வரிசைதான் கோளாறு: கட்டளையில் உங்கள் .சி ஃபைல் முன்னால், மைனஸ் எல்மாட்பஸ் கடைசியில்.