பொற்கோயில் தரிசனத்துக்கு 1,500 ரூபாயா?

கேள்வி: எழுபது வயது அம்மாவோடு நாங்கள் நாலு பேர் அமிர்தசரஸ் போகிறோம். பொற்கோயிலில் சிறப்பு தரிசனம், சாப்பாடு இரண்டுக்கும் சேர்த்து ஆளுக்கு 1,500 ரூபாய் கேட்கிறார் ஏஜென்ட். நாங்கள் சீக்கியர்கள் இல்லை. கொடுக்கலாமா?

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். அங்கே தரிசன டிக்கெட் என்று ஒன்று கிடையவே கிடையாது.

நான்காம் குரு ராம்தாஸ் 1577-ல் வெட்டத் தொடங்கிய குளத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் அமிர்தசரஸ். குளத்தின் நடுவே ஹர்மந்திர் சாஹிபை, அதாவது பொற்கோயிலைக் கட்டியவர் ஐந்தாம் குரு அர்ஜன். எந்தச் சாதி, எந்த மதத்தாரும் வரட்டும் என்று நாலு பக்கமும் வாசல் வைத்தார். 1604-ல் சீக்கியர்களின் புனித நூலான ஆதி கிரந்தத்தை அங்கே எழுந்தருளச் செய்தார். சீக்கியர்களுக்கு இதைவிடப் பெரிய தலம் இல்லை. சாப்பாடும் இலவசம்தான். லங்கர் என்ற அந்தப் பொதுச் சமையலறையில் சமைப்பதும் பரிமாறுவதும் பெரும்பாலும் சேவைக்கு வந்தவர்கள்தான். எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார வேண்டும். சப்பாத்தியை இரண்டு கையையும் ஏந்தி வாங்க வேண்டும். மூன்றாம் குரு அமர்தாஸைப் பார்க்க வந்த அக்பரே முதலில் பந்தியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார் என்பது சீக்கிய மரபு. பாதுஷாவுக்கே இல்லாத தனி வரிசையை உங்கள் ஏஜென்ட் எங்கிருந்து கொண்டுவருவார்?

பணம் கைமாறும் இடம் ஒன்று உண்டு, அதை வைத்துத்தான் குழப்புகிறார்கள். கடா பிரசாதம் என்ற கோதுமை அல்வாவைப் படைக்க விரும்பினால் அங்குள்ள கவுன்டரில் உங்களால் முடிந்ததைக் கொடுத்து, இலைத் தொன்னையில் வாங்கிக்கொள்ளலாம். அங்கே சேவை செய்யும் சேவாதார் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியை உங்களிடமே தருவார். இது காணிக்கை. வாங்காதவரையும் உள்ளே விடுவார்கள், அவருக்கும் பிரசாதம் உண்டு. அந்தக் கவுன்டரைக் காட்டி யாராவது 'டிக்கெட்' என்றால் நம்பாதீர்கள்.

தலையை மூட வேண்டும். துணி அங்கேயே கிடைக்கும். செருப்பு வைக்கவும் காசில்லை. பீடி, சிகரெட், புகையிலை எதுவும் கூடாது. அறை பதிவு என்று போலி இணையதளங்கள் நடமாடுகின்றன. குருத்வாரா நிர்வாகத்திடம் நேரில் கேட்காமல் ஆன்லைனில் பணம் அனுப்பாதீர்கள். அட்டாரியில், பாகிஸ்தான் எல்லையில், கொடியிறக்கம் பார்ப்பதும் இலவசம்தான், அதற்கும் 'பாஸ்' விற்பார்கள். வருஷா வருஷம் வெளியூர் ஜனங்கள் இப்படி ஏமாறுகிறார்கள். இந்தப் புரோக்கர்களைப் பிடிக்க வேண்டியவர்களோ புகார் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். ஊர் திரும்பியவர் புகார் கொடுக்கவா மறுபடி ரயிலேறுவார்?

அம்மாவுக்காக ஒன்று: சனி, ஞாயிறு வேண்டாம். கருவறைக்குப் போகும் பாலத்தில் அன்றைக்கெல்லாம் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். வார நாளில் விடியுமுன் போங்கள். எதிரே உள்ள அகால் தக்த் என்ற கட்டடத்திலிருந்து புனித நூலான குரு கிரந்த சாஹிபைப் பல்லக்கில் கொண்டுவருவதையும் பார்க்கலாம். முட்டிவலி என்றால் வாசலிலேயே சேவாதாரிடம் சொல்லுங்கள். சக்கர நாற்காலியும் கேளுங்கள்.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், எதற்கு எவ்வளவு என்று பிரித்தெழுதிய ரசீது வாங்குங்கள். ரயில், தங்குமிடம், வண்டி சரி. 'தரிசனம்', 'சாப்பாடு' என்று எழுதியிருந்தால் அந்தத் தொகையைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் கொடுங்கள்.