12 வயது ஃபுட்பால் பையனுக்கு ஜிம் தேவையா?

"என் மகனுக்கு 12 வயது. வியாசர்பாடியில் வாரம் நான்கு நாள் ஃபுட்பால் பயிற்சிக்குப் போகிறான். யாராவது மோதினால் உடனே விழுந்துவிடுகிறான், காலில் வலு ஏற்ற வேண்டும் என்கிறார் கோச். ஜிம்மில் சேர்க்கலாம் என்றால், வெயிட் தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று என் மாமனார் தடுக்கிறார். என்ன செய்யட்டும்?"
– வாசகி, பெரம்பூர்

உங்கள் மாமனாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்: முறையாகச் சொல்லிக்கொடுப்பவர் பக்கத்தில் இருந்தால், வலுப் பயிற்சியால் உயரம் குறையாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இதையே சொல்கிறது. வளரும் எலும்பின் முனையில் இருக்கும் குருத்துப் பகுதியில் அடிபடுவதுதான் ஆபத்து. ஆளில்லாத நேரத்தில் பெரிய எடையைத் தூக்கிப் பார்ப்பது, கீழே போட்டுக்கொள்வது போன்றவற்றால்தான் பெரும்பாலும் அப்படி ஆகிறது.

ஆனாலும் இப்போதைக்கு ஜிம் வேண்டாம். அவனுக்கு அவன் உடம்பின் எடையே போதும்.

மோதினால் விழும் பையன்களிடம் நான் முதலில் பார்ப்பது, ஒற்றைக் காலில் எப்படி நிற்கிறார்கள் என்பதைத்தான். வீட்டிலேயே பாருங்கள். நொண்டியடித்துக்கொண்டே மூன்று தாவல் தாவி, கடைசியில் அப்படியே இரண்டு நொடி நிற்கச் சொல்லுங்கள். முட்டி உள்பக்கமாகச் சாய்கிறதா? பாதம் தொப்பென்று விழுகிறதா? அப்படியென்றால் அவனுக்கு முதல் பாடம் தரையிறங்குவதும் பிரேக் போடுவதும்தான், வேகமெல்லாம் அப்புறம். முட்டி லேசாக மடங்கி, கால்விரல்களுக்கு நேராக இருக்க வேண்டும். சத்தமே கேட்கக்கூடாது. நாம் தெருவில் ஆடிய நொண்டியும் பாண்டியும் கொடுத்தது இதைத்தான்; இன்றைய பிள்ளைகள் அவற்றை ஆடாமலே மைதானத்துக்கு வந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இதோடு பஸ்கி பத்து, முட்டி ஊன்றிய தண்டால் எட்டு, முழங்கையை ஊன்றிப் பலகை மாதிரி 20 நொடி. இரண்டு சுற்று. அப்புறம் ஐந்தாறு அடி ஓடி, கைதட்டியதும் சட்டென நின்று திசை மாறும் விளையாட்டு. வாரம் இரண்டு மூன்று நாள், பந்தைத் தொடுவதற்கு முன் 15 நிமிடம் போதும். 7 முதல் 13 வயது வரையிலான பிள்ளைகளுக்கென்றே '11+ கிட்ஸ்' என்ற வார்ம்-அப் முறை இருக்கிறது. அதிலும் ஒற்றைக்கால் நிலை, தாவல், சரியாக விழுவது எல்லாம் உண்டு. ஐரோப்பாவில் நான்கு நாடுகளில் சோதித்து 2018-ல் வெளியான ஆய்வில், இதைச் செய்த பிள்ளைகளுக்குக் காயங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. கோச்சிடம் கேட்டுப் பாருங்கள், மொத்த அணிக்குமே நல்லது.

இன்னொரு விஷயம், இது முக்கியம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவன் உயரத்தைச் சுவரில் குறித்து வையுங்கள். மடமடவென வளரும் காலத்தில் கால் நீண்டுவிடும், கட்டுப்பாடு பின்தங்கும், நன்றாக ஆடியவனே தடுமாறுவான். அதற்காகத் திட்டாதீர்கள். குதிகாலிலும் முட்டிக்குக் கீழுள்ள மேட்டிலும் வலி வருவது அப்போதுதான் அதிகம். வலி இருந்தால் தாவலையும் பீச் மணலில் ஓடுவதையும் நிறுத்துங்கள். நொண்டி நடந்தாலோ, ராத்திரி வலியில் எழுந்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மே மாத வெயிலில் இதையெல்லாம் காலை ஆறு மணிக்கே வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ கொடுங்கள். பவுடர் டப்பா எதுவும் வாங்க வேண்டாம்.